மூன்று காலிக் கட்டங்கள்

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உங்கள் மருத்துவமனையின் எல்லாக் கிளைகளிலிருந்தும் வரும் தகவல்களைத் திரட்டி அறிக்கை போடும் மென்பொருள் ஒன்றை வாங்கப்போகிறார்கள், கடைசிச் சுற்றில் இரண்டு நிற்கின்றன, எது என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியவன் நீ, வருகிற திங்கட்கிழமை கெடு. "நீங்க மில்லுல இதே கூத்தப் பாத்தவருதானப்பா, எத எடுக்கலாம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். பிறகு பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். "ஒண்ணு, எவனாச்சும் எழுதாம விட்ருந்தாக்கூட அதுவா நிரப்பிக்கிட்டுப் படம் போட்ருதுப்பா. எங்க டைரக்டருக்கு அதுதான் பிடிச்சிருக்கு." அதற்குப் பிறகு கோயம்புத்தூர் மழையைப் பற்றி நீ சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

நான்கு நாட்களாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்டாள். ஆகாது. போனில் நான் நன்றாகப் பேசிவிடுவேன். முப்பத்தோரு வருடம் நூல் மில்லில் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். படித்து முடித்ததும் உன் அலுவலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் இதைக் காட்டு, ஒளித்துவைப்பதற்காக எழுதவில்லை. ஒளித்துவைத்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்த மென்பொருள்களைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. என்னைவிட உனக்குத்தான் அதிகம் தெரியும். எனக்குத் தெரிந்தவரை எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வரிசை வரிசையாகக் கிடக்கும் எண்களை அள்ளி, கூட்டி, வெட்டி, வட்டமாகவும் கம்பமாகவும் நிறுத்துகின்றன. வித்தியாசம் வாங்குகிறவரிடம் இருக்கிறது. கையில் கேள்வி வைத்திருப்பவர் ஒரு வகை. பதிலை முன்னமே வைத்துக்கொண்டு அதற்கொரு படம் தேடுகிறவர் இன்னொரு வகை. இரண்டாவது வகையினர்தான் ஏராளம் என்பதால், விற்கிறவர்களும் அவர்களை மனதில் வைத்தே பொருளைச் செய்கிறார்கள். அதில் அவர்கள்மேல் தப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மில்லில் நான் புள்ளிவிவரப் பிரிவின் தலைவர் என்று உனக்குத் தெரியும். அந்தப் பிரிவில் இருந்த ஒரே ஆள் நான்தான் என்று உனக்குச் சொன்னதில்லை. கணினி வருவதற்கு முன்னும், வந்த பிறகும்கூட, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பதிவேடு உண்டு. இடதுபுறம் மெஷின்களின் எண்கள், மேலே தேதிகள், நடுவில் கட்டங்கள். பகல் ஷிப்டு முடியும்போது மேஸ்திரி, அன்றைக்கு அந்த மெஷினில் எத்தனை பழுது என்று கட்டத்தில் எழுதவேண்டும். பழுது இல்லையென்றால் பூஜ்யம். காலையில் நான் பார்த்து, அடியில் என் சுருக்கொப்பத்தைப் போடுவேன்.

அந்தப் பதிவேட்டில் எங்கேயும் எழுதிவைக்காத ஒரு பழக்கம் இருந்தது. சில பழுதுகளை எழுதக்கூடாது. எழுதினால் முதலாளி திட்டுவார். ஆய்வுக்கு வருகிற அதிகாரி பதிவேட்டைக் கேட்டால் காட்டவேண்டி வரும். எழுதாமல் பூஜ்யம் போட்டால் அது பொய்யாகிவிடும், நாளைக்கு ஏதாவது ஆனால் மேஸ்திரியின் தலை உருளும். ஆகவே மேஸ்திரிகள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். காலிக் கட்டம் என்றால், இங்கே ஒன்று இருக்கிறது, எழுத முடியாது, நேரில் வா என்று பொருள். யார் தொடங்கியது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இது உனக்குத் தெரியும் என்பதை யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். தினமும் காலையில் பதிவேடுகளைப் புரட்டி, காலியான கட்டங்களை மனதில் குறித்துக்கொண்டு, மில்லை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். மேஸ்திரி காதோடு சொல்வார். நான் மேனேஜரின் காதில் போடுவேன். அன்றைக்கே சரியாகிவிடும். மொத்த மில்லும் ஓடியது எழுதப்பட்டவற்றால் அல்ல, விடப்பட்டவற்றால்.

நீ பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம், முதலாளியின் மருமகன் வெளிநாட்டில் நிர்வாகப் படிப்பு முடித்து வந்தார். மில்லின் நிலவரம் முழுவதும் ஒரே திரையில் தெரியவேண்டும் என்றார். முதலாளி, மருமகன், மேனேஜர், நான் என்று நால்வர் குழு அமைந்தது. உனக்கு வந்த மாதிரியே எங்களுக்கும் கடைசியில் இரண்டு மென்பொருள்கள் மிஞ்சின. பெயர்கள் வேண்டாம், இரண்டுக்கும் இப்போது வேறு பெயர். ஒன்றைச் சாம்பல் என்றும் இன்னொன்றைப் பச்சை என்றும் வைத்துக்கொள். ஏன் என்று இப்போதே தெரிந்துவிடும்.

சாம்பலை விற்க வந்தவர் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். எங்கள் பதிவேட்டின் ஒரு மாதத்தை அதில் ஏற்றி முதலாளிக்குக் காட்டினார். பல இடங்களில் படம் வந்தது. பஞ்சு சீவும் கார்டிங் பகுதிக்குப் போனதும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து, 'தகவல் இல்லை' என்று நின்றுவிட்டது. அந்த மாதத்தில் அங்கே இரண்டு காலிக் கட்டங்கள் இருந்தன.

"என்னாப்பா இது? காசு போட்டு வாங்குற சாமான் எனக்கே தெரியாதுங்குது" என்றார் முதலாளி.

"தெரியாததத் தெரியாதுன்னுதான் சார் சொல்லும்."

"அதச் சொல்றதுக்கு எங்கிட்ட அம்புட்டுப் பேரு சம்பளத்துக்கு இருக்காங்க" என்றார் முதலாளி. மருமகன் சிரித்தார். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். மதுரைக்காரர் கணினியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பச்சையை விற்க வந்தவர்கள் மூன்று பேர், சென்னையிலிருந்து காரில் வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஊரின் நல்ல கடையிலிருந்து பிரியாணி வரவழைத்திருந்தார்கள். பிரியாணிக்குப் பேர்போன எங்கள் ஊரிலேயே எங்களுக்கு அதை வாங்கிக் கொடுத்த அந்தத் துணிச்சலை மெச்சவேண்டும். சீரகச் சம்பா வாசம் அடிக்கும் அறையில் கணினித் திரை ஒளிர்ந்தது. மில்லின் வரைபடம், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சின்ன விளக்கு, எல்லாம் பச்சை. முதலாளி கை கழுவிவிட்டு வந்து நின்று பார்த்தார். தன் மில்லை அப்படி ஒரு அழகில் அவர் பார்த்ததேயில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்தபோது, மூவரில் இளையவர் என்னிடம் ஒரு காகிதத்தோடு வந்தார். அமைப்பு விவரங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். "சார், கட்டம் காலியா இருந்தா ஜீரோன்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். ஒழுங்கான ஆள், கேட்கவேண்டியதைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்த அறையில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லலாம். சொன்னால் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பழக்கத்தைப் பற்றிச் சொன்னால் இத்தனை வருடம் பதிவேடு எப்படி நடந்தது என்று முதலாளி கேட்பார். பச்சையும் அவ்வளவு பச்சையாக இருக்காது.

"எடுத்துக்கங்க" என்றேன்.

ஒப்பீட்டு அறிக்கையை எழுதச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். பன்னிரண்டு தலைப்புகள் போட்டு இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தேன். நிறங்களின் தெளிவு, கைபேசியில் தெரிவது, அறிக்கை வரும் வேகம் என்று போகும். முடிவு முதலில் வந்தது, மதிப்பெண் பிறகு வந்தது; எல்லா ஒப்பீட்டு அறிக்கைகளிலும் வரிசை இதுதான். காலிக் கட்டம் என்ற தலைப்பு அதில் இல்லை. பயன்களின் பட்டியலில், 'புள்ளிவிவரப் பிரிவுத் தலைவரின் தினசரி நடை மிச்சமாகும்' என்று நானே எழுதினேன். மிச்சமான நடைக்குப் பதிலாக எனக்குக் குளிர்சாதன வசதி கொண்ட ஒரு கண்ணாடி அறையும் சுவரில் ஒரு பெரிய திரையும் கிடைத்தன. ஒரு நாள் உன்னை அங்கே கூட்டிப்போய்க் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? விளக்கு எல்லாம் பச்சையா எரியுதேப்பா என்றாய். பெருமையாக இருந்தது.

மேஸ்திரிகளிடம் பழக்கம் மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இல்லாத பழக்கத்தை மாற்றிச் சுற்றறிக்கை விட முடியாது. அவர்கள் எப்போதும்போலப் பதிவேட்டில் எழுதினார்கள், அலுவலகத்தில் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றினார்கள். நான் எப்போதும்போல அடியில் சுருக்கொப்பம் போட்டேன், இப்போது பார்க்காமல்.

கார்டிங் பகுதியில் தண்டபாணி மேஸ்திரி. கன்னிவாடிக்காரர். பேச்சு குறைவு. பஞ்சைச் சீவுகிற அந்த மெஷினுக்குள் இரும்புப் பற்கள் பதித்த பெரிய உருளை சுற்றும். மூடியைத் திறந்தால் ஓட்டம் தானே நிற்பதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஏழாம் நம்பர் மெஷினில் அந்த சுவிட்ச் கெட்டுவிட்டது. மூடி திறந்திருந்தாலும் உருளை சுற்றியது. மெஷினை நிறுத்த மேனேஜரின் கையெழுத்து வேண்டும். தண்டபாணி செய்யவேண்டியதைச் செய்தார். திங்கட்கிழமை கட்டத்தைக் காலியாக விட்டார். நான் வருவேன் என்று காத்திருந்தார். செவ்வாய்க்கிழமையும் காலியாக விட்டார். என் திரையில் ஏழாம் நம்பர் பச்சையாக எரிந்தது.

புதன்கிழமை காலை அவரே என் அறைக்கு வந்தார். வெளியூரிலிருந்து நூல் வாங்க வந்தவர்களுக்குத் திரையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து நின்றார்.

"சார், செத்த நேரம் கார்டிங் பக்கம் வாங்க."

"என்ன தண்டபாணி, ஏழா? பச்சையாத்தானே இருக்கு?" என்றேன். அவர் எந்த மெஷின் என்று சொல்லவில்லை, அப்பு. நான்தான் ஏழு என்றேன். முந்தின நாள் பதிவேட்டில் சுருக்கொப்பம் போடும்போது காலிக் கட்டம் கண்ணில் பட்டிருக்கிறது. பார்க்காமல் போட்டேன் என்று மேலே எழுதியது முழு உண்மை இல்லை.

தண்டபாணி திரையைப் பார்த்தார். "அது பச்சையாத்தான் இருக்கு சார். மிசினு அப்பிடி இல்ல" என்றார். வந்தவர்கள் முன்னால் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் வருகிறேன் என்று கையைக் காட்டினேன். அவர் போய் மூடியைக் கயிற்றால் கட்டிவைத்து, யாரும் அவிழ்க்கக்கூடாது என்று தன் ஷிப்டு ஆட்களிடம் சொல்லிவிட்டு, மூன்றாவது கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த ஷிப்டில் முத்துலட்சுமி வந்தாள். நத்தம் பக்கத்து ஊரிலிருந்து மில் வேனில் வருகிறவள். பஞ்சு அடைத்துக்கொண்டது. மூடியைச் சரியாகச் சாத்தச் சோம்பல்பட்டு யாரோ கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அதை அவிழ்த்து, மூடியைத் திறந்து, உருளை நின்றிருக்கும் என்று நம்பிக் கையை விட்டாள். எல்லா மெஷினிலும் அது நிற்கும். வலது கையை முழங்கை வரை எடுத்தார்கள்.

அந்த மாத அறிக்கையில் ஏழாம் நம்பரின் பழுது பூஜ்யம். மென்பொருள் எந்தத் தவறும் செய்யவில்லை.

விசாரணை அடுத்த திங்கட்கிழமை. முதலாளி கேட்ட முதல் கேள்வி, திரையில் என்ன இருந்தது என்பது. பச்சை என்று மருமகன் சொன்னார். அப்படியென்றால் மேஸ்திரி தகவல் தரவில்லை என்று முடிவானது. தண்டபாணி, மூன்று நாளும் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், பதிவேட்டைப் பாருங்கள் என்றார். பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். அந்த வாரத்துப் பக்கம் இல்லை.

அந்தப் பக்கம் நம் வீட்டில் இருந்தது. சனிக்கிழமை மாலை நான்தான் கத்தரித்து எடுத்துவந்தேன். மூன்று காலிக் கட்டங்கள், அவற்றுக்கு அடியில் மூன்று நாளும் என் சுருக்கொப்பம். தண்டபாணி சொன்னார் என்பதற்கும் நான் பார்த்தேன் என்பதற்கும் உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. உன் சான்றிதழ்கள் இருக்கும் நீல நிற பைலில், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்குப் பின்னால் வைத்தேன். கல்லூரிக் கலந்தாய்வுக்கு நீ அந்த பைலை மடியில் வைத்துக்கொண்டு போனாய். என் வேலை போனால் உன் படிப்பு என்ன ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைக் கேட்காமலேயே உன்னைக் காரணமாக்கிக்கொண்டேன். அது உன்னிடம் நான் செய்த குற்றம்.

மருமகன் என்னைப் பார்த்து, காலியாக விட்டால் நேரில் வரவேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்ததா என்று கேட்டார். தண்டபாணியும் என்னைப் பார்த்தார்.

"எழுத்துல அப்பிடி எதுவும் இல்ல சார்" என்றேன்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இத்தனை வருட அறிக்கைகளில் நான் எழுதிய வாக்கியங்களிலேயே துல்லியமானது அதுதான். தண்டபாணி எழுந்தார். வெளியே போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். வேலை போயிற்று. கை போன கதைக்குக் காரணமான மேஸ்திரி என்று பேர் பரவியதால் சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லும் அவரை எடுக்கவில்லை. கன்னிவாடியில் குத்தகை நிலத்தில் வெங்காயம் போடுகிறார் என்று கேள்வி.

முத்துலட்சுமியைக் கருணையோடு வாசல் காவல் அறையில் உட்காரவைத்தார்கள். உள்ளே வருகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் எழுதும் வேலை. இடது கையால் எழுதப் பழகினாள். முதல் மாதத்தில் என் பெயர் கோணலாக, இரண்டு வரியில் ஏறி இறங்கிக் கிடக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரானது. நான் ஓய்வு பெறும்வரை, ஆறு வருடம், ஒவ்வொரு நாள் காலையிலும் என் பெயரை அவள் இடது கையால் எழுதினாள். எழுதி முடித்ததும் "போங்க சார்" என்பாள். ஒரு நாளும் அவள் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வார்டுகளில் நர்சுகள் காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் எழுதுகிற தாளில் காலிக் கட்டங்கள் இருக்கும். சிலது மறதி. சிலது வேலை நெருக்கடி. சிலது வேறு ஏதோ. எது எது என்று உங்கள் இயக்குநருக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, விற்க வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. திங்கட்கிழமைக்குள் மென்பொருளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வார்டுக்குப் போ. நிறைய வருடம் வேலை பார்த்த ஒரு நர்சிடம், எதை எழுதாமல் விடுவீர்கள் என்று கேள். உடனே சொல்லமாட்டார். கூட நின்று கேள். படத்தைத் தொட்டால் அதற்கு அடியில் இருக்கும் வரிசைக்குப் போக முடிகிறதா, அந்த வரிசையை எழுதியவர் யார் என்று தெரிகிறதா என்று பார்.

இந்தக் கடிதத்தோடு அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று வைத்திருக்கிறேன். அதை இரண்டு கம்பெனிக்காரர்களுக்கும் காட்டி, இந்த மூன்று கட்டங்களில் என்ன இருக்கிறது என்று கேள். பூஜ்யம் என்று சொல்கிறவரை டீ கொடுத்து அனுப்பிவிடு. தெரியாது என்று சொல்கிற மென்பொருளை வாங்கு, அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். உன் இயக்குநர் சிரிப்பார். மற்றவர்களும் சிரிப்பார்கள். நீ சிரிக்காதே. அந்த அறையில் நான் செய்திருக்கவேண்டியது அவ்வளவுதான்.

அசல் தாளை நாளை காலை கன்னிவாடி பஸ்ஸில் எடுத்துப்போகிறேன். அது தண்டபாணியின் தாள். அவர் அதை அதிகாரிகளிடம் கொடுக்கலாம், மில் வாசலில் ஒட்டலாம், என் முகத்தில் எறியலாம். அங்கிருந்து திரும்பி, நத்தம் பஸ் ஏறி, முத்துலட்சுமியிடமும் சொல்லவேண்டும். உன் அம்மாவிடம் இன்று மத்தியானம் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "வெறுங்கையோட போகாதீங்க" என்றாள். என்ன வாங்கிக்கொண்டு போவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போலக் கூப்பிடுவாய். நான் எடுக்காவிட்டால், அப்பா நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. நேரில் வா.

அப்பா